மர நிழலில் என்ன வளர்க்கலாம்? ராமநாதபுரம் கடலோர வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேம்பு, ஒரு பூவரசு, நாலு தென்னை. அதற்கடியில் வெறும் மணல். தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் தீவு, இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கே போனாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அந்த வெறும் மணலை எப்படிப் பச்சையாக்குவது என்று பலரும் கேட்கிறார்கள். இங்கே பல்லாண்டுச் செடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதாவது ஒருமுறை நட்டுவிட்டால் கிழங்கிலோ வேரிலோ உயிரை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தழைத்து வருகிற செடிகள்.

இந்த உப்புக் காற்றிலும் மணலிலும் நிழல் செடிகள் உண்மையிலேயே வருமா?

வரும். நம் கரைக்கென்றே ஒரு காடு இருந்தது. சோழமண்டலக் கரையை ஒட்டித் தெற்கே ராமநாதபுரம் வரைக்கும் பரவியிருந்த உலர் பசுமைக் காடு அது. இன்றைக்கு அதில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் கோயில் காடுகளாகத்தான் இருக்கின்றன. பாலை, வீரை, காசான் போன்ற மரங்கள் நெருக்கமாக நிற்கும். அடியில் மருள் கத்தி கத்தியாக நீட்டிக்கொண்டிருக்கும். நீலாம்பரி, கொடிவேலி, தண்ணீர்விட்டான் எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். யாரும் குடம் எடுத்து ஊற்றுவதில்லை. நாலு மாத மழை, எட்டு மாத வெயில், அவ்வளவுதான்.

அங்கே அவை பிழைத்திருக்க மூன்று காரணங்கள். உதிர்ந்த சருகை யாரும் கூட்டி அள்ளுவதில்லை. மரக்கூட்டம் காற்றைத் தடுக்கிறது. கோடையில் செடிகள் வாடித் தூங்கினால் யாரும் எழுப்புவதில்லை. நம் வீடுகளில் இந்த மூன்றையும் தலைகீழாகச் செய்கிறோம். தினம் காலையில் விளக்குமாறு எடுத்துச் சருகைக் கூட்டி எரிக்கிறோம், நாலு பக்கமும் காற்று அடிக்க விடுகிறோம், பங்குனி சித்திரையில் செடி வாடினால் பயந்துபோய் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம். நிழல் இருந்தும் செடி சாவது இதனால்தான்.

இணையத்தில் பார்க்கும் ஹோஸ்டா, ஹெலிபோர், ட்ரில்லியம் மாதிரிச் செடிகளை இங்கே வளர்க்கலாமா?

வேண்டாம். அவை குளிர்நாட்டுக் காடுகளின் செடிகள். வாரக்கணக்கில் கடுங்குளிரில் மண்ணுக்குள் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் ஒழுங்காகத் தளிர்க்கும். நம் கரையில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்து நடுகிறேன் என்று சிலர் முயல்கிறார்கள். ஒரு தளிர் வரலாம், ஆனால் சித்திரையைத் தாண்டாது. கொடைக்கானல் சுற்றுலாவில் ஆசைப்பட்டு வாங்கி வரும் செடிகளுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

அந்தச் செடிகள் குளிரில் தூங்குகின்றன, நம் செடிகள் வெயிலில் தூங்குகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிது.

வீட்டின் வடக்குப் பக்கம் நிழல் என்கிறார்களே, அங்கே நடலாமா?

இது பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் இருந்து வருகிற யோசனை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதேகால் பாகையில். சித்திரை பிறக்கும் நேரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதற்குப் பிறகு ஆவணி நடு வரைக்கும் சூரியன் மதியத்தில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. அதாவது அக்னி நட்சத்திரக் காலத்தில் வெயில் படுகிற சுவர் உங்கள் வடக்குச் சுவர். கார்த்திகை மார்கழியில் அங்கே குளுகுளுவென்று இருப்பதைப் பார்த்துச் செடி வைத்தால் வைகாசியில் கருகிவிடும்.

கிழக்குப் பக்கம்தான் நல்லது. காலை வெயில் ஒன்பது பத்து மணி வரை பட்டு, பிறகு வீட்டு நிழலோ மர நிழலோ விழும் இடம் தங்கமான இடம். மேற்குப் பக்கத்தில் மரம் இல்லாமல் எதையும் வைக்காதீர்கள்.

நிழல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நடுமதியத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, ஒரு அடி உயரத்தில் கையைக் காட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அது வெயில் இடம். ஓரம் மங்கலாக, கை என்று தெரிகிற அளவுக்கு விழுந்தால் அரை நிழல். நிழலே விழவில்லை என்றால் முழு நிழல். இந்தச் சோதனையை மார்கழியில் ஒரு தடவையும் வைகாசியில் ஒரு தடவையும் செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. என்ன செய்வது?

மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் தாங்காது.

முதலில் எவ்வளவு உப்பு என்று அளந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் சரிபார்க்க வருகிறவர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரே போதும். 450-க்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்து நட வேண்டும். 2000-க்கு மேல் போனால் நிழல் செடிகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், தென்னையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிணறு, போர் எதுவானாலும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஓர் அளவும் ஆனி மாதத்தில் வேறோர் அளவும் காட்டும். கோடை அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் பகுதியில் நடக்கும் பெரிய தப்பு, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு விடுவது. நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தக் குழாயில்தான் வருகிறது. போர் தண்ணீரைவிட மோசம். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர் நேர் எதிர். அதில் உப்பே இல்லை. ஒரு வாளி வைத்துப் பிடித்தால் தொட்டியில் இருக்கும் மென்மையான செடிகளுக்குக் கோடை முழுக்க அதுவே போதும். அரிசி கழுவிய தண்ணீர், உப்பு போடாததாக இருந்தால் நல்லது. மீன் கழுவிய தண்ணீரும் நல்லது, ஆனால் முதல் அலசலில் கடல் தண்ணீர் இருக்கும், நண்டும் கணவாயும் கழுவினால் இன்னும் அதிகம். முதல் அலசலைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு இரண்டாம் அலசலைச் செடிக்கு விடுங்கள். சருகுக்கு அடியில் ஊற்றினால் பூனைத் தொல்லையும் குறையும்.

மழைத் தண்ணீரை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடி, ஒரே இரவில் 40 மில்லிமீட்டர் மழை என்றால் 2000 லிட்டர். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஒரு சின்டெக்ஸ் டேங்கை மழைநீருக்கென்று தனியாக ஒதுக்கினால் மாசி வரை செடிகளுக்குக் கவலை இல்லை. அதற்குப் பிறகு அவை தூங்கப் போகிற நேரம்.

வேறு வழியில்லை, உப்புத் தண்ணீர்தான் என்றால்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாதீர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை, வேரைத் தாண்டி இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல் மண்ணிலேயே தங்கும். இலையில் படவே கூடாது. கழுத்து வரை புதைத்த மண்பானை வைத்து அதில் தண்ணீர் நிரப்புவது இந்த மணலுக்கு மிக நல்ல முறை. பானை கசியும் அளவுக்கே வேர் குடிக்கும். பெயின்ட் அடிக்காத, மெருகு இல்லாத பானையாக இருக்க வேண்டும். வாயை ஓட்டுத் துண்டால் மூடிவிட்டால் கொசு முட்டை வைக்காது.

மணலை எப்படிச் சரி செய்வது? செம்மண் அடிக்க வேண்டுமா?

ஒரு லோடு செம்மண் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். மர நிழலில் அது பெரிய உதவி இல்லை. மரத்தின் மேல் வேர்களை மூடி மூச்சு முட்டவும் வைக்கும். வேண்டியது இலைமக்கு.

வேம்பு, புங்கம், பூவரசு, வாதாங்கொட்டை மரம் எதன் சருகானாலும் சரி, மரத்தடியிலேயே நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே லேசாக மாட்டுச்சாணக் கரைசல் தெளித்தால் மழைக்காலத்தில் வேகமாக மக்கும். கறையான் வரும், மணல் பூமியில் அது இல்லாமல் இருக்காது. அது பெரும்பாலும் காய்ந்த சருகைத்தான் தின்கிறது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மேலே முழு இலை, அதற்கடியில் நரம்பு மட்டும் வலை போல நிற்கும் இலை, அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, மழை பெய்த தரையின் வாசனையோடு ஒரு மண். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் சேர்ந்து நிற்கும். பக்கத்தில் இருக்கும் வெறும் மணல் விரலிடுக்கில் வழிந்து ஓடிவிடும். நான் இந்தத் தோட்டத்தில் செய்கிற வேலைகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

தென்னை நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதிலும் உப்பு இருக்கும். கரையில் ஒதுங்கும் கடல் தாழையை (கடற்புல்லை) அள்ளி வந்து போடலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். உப்பு அதிகம், செடிகளுக்கு நேரடியாக வேண்டாம். அதைக் கரையிலேயே விட்டால் கரை அரிப்பைத் தடுக்கவாவது உதவும்.

எந்த மரத்தின் அடியில் நடலாம், எதன் அடியில் கூடாது?

உடை மரம் கிடைத்தால் கொண்டாடுங்கள். குடை விரித்தது போன்ற அந்த மரத்தின் சின்ன இலைகள் வெயிலைச் சல்லடையில் சலித்துக் கொடுக்கும். முள்ளுக்குப் பயந்து வெட்டிவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை எல்லாம் நல்லவை. புன்னையும் பூவரசும் கடல் சாரலையே தாங்குபவை.

தென்னந்தோப்பில் வெளிச்சம் சரியாக இருக்கும், ஆனால் அடிமரத்தில் இருந்து இரண்டு மீட்டருக்குள் வேர் பாய் போலப் பின்னியிருக்கும். அதற்கு வெளியே நடுங்கள். தென்னைக்கு உப்பு போடும் பழக்கம் உள்ளவர்கள், கீழே செடி வைத்த பிறகு அதை நிறுத்திவிடுங்கள்.

சீமைக் கருவேலத்தின் அடியில் வேண்டாம். அதன் இலையும் காயும் உதிர்ந்து கிடக்கும் மண்ணில் மற்ற விதைகள் முளைக்கவே சிரமப்படும். மரத்தை வேரோடு எடுத்துவிட்டு, ஒரு மழைக்காலம் அந்த இடத்தை ஆற விட்டு, பிறகு ஆரம்பியுங்கள். சவுக்குத் தோப்பிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சரி, முதலில் எந்தச் செடியில் ஆரம்பிக்கலாம்?

மருள். யோசிக்கவே வேண்டாம். நர்சரியில் பாம்புச் செடி என்று விற்பதன் நாட்டுச் சொந்தக்காரன். இலையில் கரும்பச்சைப் பட்டைகள், உட்புறம் வாய்க்கால் போலக் குழிவு. அந்தக் காலத்தில் நாரெடுத்துக் கயிறு திரித்தார்கள், வில்லுக்கு நாணும் கட்டினார்கள். காய்ந்த நிழல், மணல், உப்புக் காற்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். கிழங்குத் துண்டோடு ஒரு இலையை வைத்தாலே பரவிவிடும். பூ மாலைக்கு மேல்தான் விரியும்.

அடுத்தது நீலாம்பரி. கதிர் மாதிரி பச்சைப் பூவடிச் செதில்கள் அடுக்கி நிற்க, இடையில் இருந்து நீலமும் பச்சையும் கலந்த பூக்கள் எட்டிப் பார்க்கும். அந்த நிறத்தை வேறு எந்தப் பூவிலும் நான் பார்த்ததில்லை. முட்டளவு உயரம், அடர்ந்த நிழலிலும் பூக்கும். நர்சரிக்காரர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்கி ஐப்பசியில் ஊன்றுங்கள்.

கடலுக்கு மிக அருகில் வீடு என்றால் விஷமூங்கில். பெரிய வெள்ளைப் பூக்கள், மாலையில் மணம், வாழைக்கன்று போல அகலமான நீள இலைகள். கடற்கரைச் செடியே இது. விதை கடல் தண்ணீரில் மிதந்து போய் வேறொரு கரையில் முளைக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்கள் கூட்டமாக வந்து ஒரே இரவில் இலையைச் சல்லடையாக்கும். மருந்து வேண்டாம். காலையில் ஒரு குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். அப்புறம் இலையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெள்ளைப் பூ கொடிவேலி, வேலியோரம் படரும் தண்ணீர்விட்டான், டிசம்பர் பூ, ரோயோ (அடிப்பக்கம் ஊதா நிற இலை உள்ள அலங்காரச் செடி), ஆடாதோடை. இவை எல்லாம் இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம்.

தலையில் வைக்கிற பூ ஏதாவது நிழலில் வருமா?

கனகாம்பரம் இருக்கிறதே! தென்னிந்தியாவின் சொந்தச் செடி, காட்டின் அரை நிழலில் வளர்ந்து பழகியது. முழு வெயிலிலும் வரும், ஆனால் நம் கரையின் வெயிலில் பூவின் நிறம் வெளுத்துவிடும். தென்னை நிழலில் அந்த ஆரஞ்சு நிறம் அடர்த்தியாக இருக்கும். ஒரு அடிக்கு ஒரு செடி என்று வையுங்கள்.

முற்றிய கதிரைத் தண்ணீரில் நனைத்தால் படபடவென்று வெடித்து விதைகள் தெறிக்கும். முதல் மழை விழுகிற அன்று செடிக்குப் பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். மழை வந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் செடி விதையை விடுகிறது. விதை சேர்க்க வேண்டும் என்றால் காய்ந்த கதிரை ஒரு பாத்திரத்தில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் துணியால் மூடிவிடுங்கள். டெல்லிக் கனகாம்பரம் என்ற ரகத்துக்கு இது பொருந்தாது, அதை குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

மணல் பூமியில் நூற்புழு இதன் எதிரி. செடி குட்டையாகி, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள், இடையிடையே செண்டுமல்லி வையுங்கள். உப்பு அதிகமான தண்ணீரையும் இது தாங்காது.

செங்காந்தள் வீட்டில் வைக்கலாமா?

அரை நிழலில், வேலியோரத்தில் அருமையாக வரும். கிழங்கு இரண்டு விரல் பிரிந்தது போல இருக்கும், முளை அதன் நுனியில்தான். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. படுக்கை வாட்டில் மூன்று விரல் ஆழத்தில் வையுங்கள். ஆவணி புரட்டாசியில் முளைத்து, இலை நுனியாலேயே பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறி, கார்த்திகையில் பூக்கும். மாசிக்குள் மொத்தமும் காய்ந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டாதீர்கள்.

ஆனால் இதன் கிழங்கு, விதை, இலை எல்லாமே கொடிய விஷம். சின்னக் குழந்தைகள், ஆடு மாடு உள்ள வீடுகளில் வேண்டாம் என்பேன். சேனைக்கிழங்கு, மஞ்சள் நட்ட பாத்திக்குப் பக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் வைக்கக் கூடாது. கிழங்கு மாறிப்போனால் உயிர் போகும்.

நிழலில் சமையலுக்கு ஆகிற செடிகள்?

மஞ்சள், மாங்காய் இஞ்சி, கச்சோலம், சித்தரத்தை நாலும் நிழலை விரும்புகிறவை. நாலுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும், மழைநீர் சேமித்த பிறகுதான் இவற்றில் இறங்க வேண்டும். ஆடியில் மஞ்சள் வைத்தால் பொங்கல் பானைக்குக் கட்டக் கொத்து வீட்டிலேயே கிடைக்கும். மிச்சத்தை மண்ணிலேயே விட்டால் மாசி பங்குனியில் இலை பழுத்து உறங்கும்.

சேனை ஒரே ஒரு தண்டு, அதன் மேல் ஒரு குடை. கோடை மழை ஒன்று விழுந்தாலே முளைத்துவிடும். கற்பூரவல்லி அரை நிழலில் எங்கே கிள்ளி வைத்தாலும் வரும். தூதுவளை வேலியில் ஏறட்டும். வல்லாரைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் வையுங்கள்.

எப்போது நடுவது? கோடையில் என்ன செய்வது?

நடுவதற்கு ஐப்பசி. முதல் நல்ல மழை மண்ணுக்குள் ஒரு அடி இறங்கிய பிறகு, கார்த்திகை முடிவதற்குள். மழை மேலே கிடக்கும் உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். புது வேர் இறங்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மரத்தின் தடித்த வேரை வெட்டாதீர்கள். வேருக்கு இடையில் கை போகிற அளவுக்குச் சின்னக் குழி, ஒரு கூடை மக்கு, சின்னக் கன்று. பெரிய செடியை வாங்கிப் பெரிய குழி தோண்டுவதால் மரத்துக்கும் நஷ்டம், செடிக்கும் நஷ்டம்.

கேரளாவில் இருந்து வேனில் வரும் செடிகளை அன்றைக்கே நடாதீர்கள். கிழக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து நம் காற்றுக்குப் பழக்குங்கள்.

பங்குனியில் இருந்து மஞ்சள், சேனை, செங்காந்தள் எல்லாம் மண்ணுக்குக் கீழே போய்விடும். அப்போது தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். மேலே சருகை இன்னும் ஒரு அடுக்கு போட்டு, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டுவிட்டு, விட்டுவிடுங்கள். மருள், நீலாம்பரி மாதிரி இலையோடு நிற்பவை கொஞ்சம் சுருங்கித் தொங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். கோடையில் தோட்டம் பச்சையாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அது ஓய்வு எடுக்கிற நேரம்.

காற்றில் இலையெல்லாம் ஓரம் கருகுகிறது. என்ன வழி?

வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் இருந்தால் வாடைக்காற்றும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் இருந்தால் ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்றும் உப்பைக் கொண்டு வந்து இலையில் பூசும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கனகாம்பரம் என்ன செய்யும்?

மதில் சுவர் கட்டினால் காற்று மேலே ஏறி உள்ளே சுழன்று விழும். பனை ஓலைப் படல் அதைவிட மேல். காற்றை முழுக்க மறிக்காமல் வேகத்தைக் குறைத்து உப்பை வடிகட்டிவிடும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓலை மாற்ற வேண்டும், பழைய ஓலை பாத்திக்கு வரப்பாகும். படலுக்கு உள்பக்கம் பூவரசுப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) வரிசையாக ஊன்றிவிட்டால் படல் மக்குவதற்குள் உயிர்வேலி எழுந்துவிடும். காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், நல்ல தண்ணீர் இருந்தால், இலைகளை ஒருமுறை கழுவி விடுங்கள்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லையா?

பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. நம் கடற்கரை மணலில் சிப்பியும் பவளத் துணுக்கும் நொறுங்கிச் சுண்ணாம்பு அதிகமாக இருக்கும், அது இரும்பை வேருக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள், பத்து நாள் விட்டு இன்னொரு முறை. நிரந்தரத் தீர்வு இலைமக்குதான். இலையின் ஓரம் காய்ந்து பழுப்பானால் அது உப்பு. உரம் போட்டால் இன்னும் மோசமாகும். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள்.

சருகு போட்டால் பாம்பு, பூரான் வராதா?

நியாயமான பயம். சுவரில் இருந்து ஐந்தடிக்குச் சருகே இல்லாமல் வெறும் மணலாகக் கூட்டி வைத்திருங்கள். வாசல், கக்கூஸ், கிணற்றடி போகும் பாதையிலும் அப்படியே. பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். கல் குவியல், ஓட்டுக் குவியல், விறகு அடுக்கு இவைதான் அதற்கு வீடு. அதை அகற்றுங்கள். பாத்தியில் கை வைக்கும் முன் குச்சியால் ஒரு தட்டு, இரவில் டார்ச், காலில் செருப்பு. சருகுப் பாத்தியில் வெறுங்கையை விடுவது மட்டும் கூடவே கூடாது.

ஆடு தின்னாத செடி எது? குழந்தைகளுக்கு ஆபத்தானவை எவை?

ஆடாதோடையையும் மருளையும் ஆடு சீண்டாது. வெளி வரிசையில் இவற்றை வையுங்கள். ஆபத்து என்று பார்த்தால் செங்காந்தளைச் சொல்லிவிட்டேன். விஷமூங்கிலின் கிழங்கு வாந்தியை உண்டாக்கும். கொடிவேலி வேர் தோலில் பட்டால் கொப்புளம் போடும். டைஃபன்பாகியா, காலேடியம் இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஃபெர்ன், ஆந்தூரியம், பீஸ் லில்லி?

தரையில் வேண்டாம், தொட்டியில் வைக்கலாம். அலசிய நார்க்கழிவும் இலைமக்கும் சரிபாதி, ஏ.சி. தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர், காற்றுப் படாத உள்முற்றம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம்.

தீவில் இருந்தோ கடற்கரையில் இருந்தோ செடி எடுத்து வரலாமா?

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு குச்சிகூட எடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. கரையில் இருக்கும் அடம்பும் ராவணன் மீசையும் மணல் மேட்டைப் பிடித்து நிறுத்துபவை. நிழலிலும் அவை வராது. கோயில் காட்டில் இருந்து பிடுங்குவதும் சரியில்லை. விதை உதிர்கிற காலத்தில் ஒரு பிடி பொறுக்கிக்கொள்ளுங்கள், பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல்லிவிட்டு.

புது வீடு, மரமே இல்லை. நிழலுக்கு எத்தனை வருஷம் காத்திருப்பது?

ஒரு வருஷத்தில் ஆரம்பித்துவிடலாம். இந்த ஐப்பசியில் தெற்கிலும் மேற்கிலும் பூவரசுப் போத்து, இடையிடையே புங்கங்கன்று ஊன்றுங்கள். அதே வரிசையில் அகத்தியும் முருங்கையும் வையுங்கள். அடுத்த கோடைக்குள் தலைக்கு மேல் வளர்ந்து சல்லடை நிழல் தந்துவிடும். கிழக்குப் பக்கம் நாலு கம்பு நட்டுப் பனை ஓலைப் பந்தல் போட்டு, அதற்கடியில் மருளும் கற்பூரவல்லியும் வைத்துப் பெருக்கிக்கொண்டே இருங்கள். பூவரசு பந்தல் உயரத்தைத் தாண்டியதும் அகத்தியை வெட்டி அதன் தழையை அங்கேயே பரப்பிவிட்டு, பந்தலடியில் சேர்ந்திருக்கும் மருளைப் பிரித்து மரத்தடிக்கு மாற்றலாம். நீலாம்பரியும் கனகாம்பரமும் அதற்கு அடுத்த ஐப்பசியில்.